8 ஸ்பீடு லீவரோடு 10 ஸ்பீடு கேசட் சேருமா?

சேலத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து பள்ளி ஆசிரியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் தவிர்த்து, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 51. சில ஆண்டுகளுக்கு முன் பழையதாக வாங்கிய அலுமினிய ரோடு சைக்கிள் ஒன்றை வைத்திருக்கிறார். அதில் ஷிமானோ நிறுவனத்தின் சோரா 3300 வரிசையைச் சேர்ந்த 8 ஸ்பீடு லீவர்கள் (பின்னாலுள்ள எட்டுப் பல்சக்கரங்களுக்கிடையே கியர் மாற்றும் பிடிகள்), முன்னால் 52, 39 பற்கள் கொண்ட இரட்டைப் பல்சக்கரம், பின்னால் 12-25 கேசட் (12 பல்லிலிருந்து 25 பல் வரையான பல்சக்கர அடுக்கு) ஆகியவை இருந்தன. சமவெளியில் குறையொன்றும் இல்லை. ஏற்காடு மலைப்பாதையில் மட்டும், முன்னால் 39, பின்னால் 25 பல் என்ற மிக எளிய கியரில் (39-25) மிதித்தும், நான்காவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போதே முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடுகிறது. அப்போது கைப்பேசி காட்டும் வேகம் மணிக்கு 8 கி.மீ. நண்பர் ஒருவர் தம் மலைச் சைக்கிளிலிருந்து கழற்றிய ஷிமானோ டியோரே எம்610 10 ஸ்பீடு டெரெய்லரை (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் பாகம்) இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அதை நம்பி இவர் 11-36 அளவுள்ள 10 ஸ்பீடு கேசட்டையும் 10 ஸ்பீடு செயினையும் இணையத்தில் வாங்கி, உள்ளூர்ப் பட்டறையில் மாட்டியிருக்கிறார். எல்லாம் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டன. ஆனால் சிறிய பல்சக்கரங்களில் சரியாக ஓடும் செயின் நடுவில் கரகரவென்று தாவுகிறது. பெரிய பல்சக்கரங்களுக்குப் போவதே இல்லை. பட்டறைக்காரர் கேபிளை இழுத்துக் கட்டி, டெரெய்லர் அளவுக்கு மேல் நகராமல் தடுக்கும் எல்லைத் திருகையும் தளர்த்திவிட, ஒருநாள் செயின் 36 பல் சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்குள் விழுந்து சக்கரம் இறுகிவிட்டது. மெதுவாகப் போனதால் காலை ஊன்றித் தப்பித்திருக்கிறார்.

அவருடைய கேள்விகள் மூன்று. நல்ல மெக்கானிக் ஒருவர் சரிசெய்தால் இந்த அமைப்பு வேலை செய்யுமா? இன்னொரு கடையில் சொன்னதுபோல் எல்லாவற்றையும் 11 ஸ்பீடுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லதா? “எல்லா ஷிமானோ சைக்கிளுக்கும் பொருந்தும்” என்று சொல்லி விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

ஐயா, பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள். இப்போதுள்ள அமைப்பைக் கழற்றும்வரை அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள்; தெருமுனைக் கடைக்குக்கூட வேண்டாம். தளர்த்திய எல்லைத் திருகோடு ஓடும் டெரெய்லர், சுமையோடு மிதிக்கும் நேரத்தில் ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் சிக்கினால், அது தொங்கும் ஹேங்கர் முறிந்து, சில சமயம் அதைத் தாங்கும் ஃபிரேமின் காதும் சேர்ந்து பிய்ந்துவிடும். அலுமினிய ஃபிரேமில் அந்தக் காது போனால் சைக்கிளே போனதாகத்தான் கணக்கு.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு தேர்ந்த கை பட்டாலும் இந்த மூன்று பாகங்களும் ஒத்துழைக்கமாட்டா. உங்கள் பட்டறைக்காரரின் கைத்திறனைக் குறை சொல்ல இதில் இடமில்லை, கணக்கே ஒத்துவரவில்லை.

ஒரு கிளிக்கின் கணக்கு

கியர் மாறும்போது நடப்பது இதுதான். லீவரை ஒருமுறை அழுத்தினால், அதனுள் இருக்கும் பல்வெட்டுச் சக்கரம் குறிப்பிட்ட அளவு கேபிளை இழுத்து நிற்கும். இழுபட்ட கேபிளின் அளவை டெரெய்லர் தன் நெம்புகோல் அமைப்புக்கேற்பப் பெருக்கி, செயினைப் பக்கவாட்டில் நகர்த்தும். அந்த நகர்வு, கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். டெரெய்லருக்கு எத்தனை ஸ்பீடு என்ற எண்ணிக்கையே தெரியாது. எண்ணிக்கை லீவரில் இருக்கிறது. இடைவெளி கேசட்டில் இருக்கிறது. டெரெய்லர் இரண்டுக்கும் நடுவில் பெருக்கிக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்கிறது.

உங்கள் சோரா லீவர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.8 மி.மீ. கேபிளை இழுக்கும். அந்தக் காலத்து ஷிமானோ ரோடு டெரெய்லர்களின் பெருக்கம் 1.7. இரண்டையும் பெருக்கினால் 4.76 மி.மீ.; 8 ஸ்பீடு கேசட்டின் இடைவெளி 4.8 மி.மீ. அதனால்தான் உங்கள் பழைய அமைப்பு சத்தமில்லாமல் ஓடியது. இப்போது மாட்டியிருக்கும் டியோரே எம்610 வேறு தலைமுறை. அதன் பெருக்கம் ஏறக்குறைய 1.2 மட்டுமே. அதே 2.8 மி.மீ. இழுப்புக்கு அது 3.36 மி.மீ. தான் நகரும். 10 ஸ்பீடு கேசட்டின் இடைவெளியோ 3.95 மி.மீ. ஆகவே ஒவ்வொரு கிளிக்கிலும் ஏறக்குறைய 0.6 மி.மீ. கடன் விழுகிறது, முதல் கிளிக்கில் அது தெரியாது, ஐந்தாவது கிளிக்கில் கடன் 3 மி.மீ. ஆகிவிடும். செயின் அப்போது எந்தப் பல்சக்கரத்தின் மேலும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே தத்தளிக்கும். நீங்கள் எழுதிய அந்தக் கரகர ஓசை அங்கிருந்துதான் வருகிறது.

8 ஸ்பீடு லீவரில் இருப்பவை ஏழு கிளிக்குகள். ஏழும் சேர்ந்து செயினை நகர்த்துவது 23.5 மி.மீ. பத்துப் பல்சக்கரங்களைக் கடக்க 35.5 மி.மீ. வேண்டும். சிறிய சக்கரத்திலிருந்து தொடங்கினால் ஏழாவது பல்சக்கரத்தோடு உங்கள் லீவர் ஓய்ந்துவிடும். எந்த 36 பல் சக்கரத்துக்காக இவ்வளவு செலவு செய்தீர்களோ, அதை அந்த லீவரால் எட்டவே முடியாது. கேபிளை இழுத்துக் கட்டினால் தொடக்கம் தள்ளிப்போகும். அடியின் நீளம் மாறாது. பெரிய சக்கரம் கிடைக்கும்போது சிறியவை கைவிட்டுப் போகும், எல்லைத் திருகும் தளர்ந்திருந்தால் செயின் கம்பிக்குள் போகும். உங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது.

சிறு வேறுபாடுகளைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை டெரெய்லருக்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷிமானோ டெரெய்லரில் செயினை வழிநடத்தும் மேல் உருளை பக்கவாட்டில் சற்றே ஆடும்படி செய்யப்பட்டிருக்கும். சக்கரத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அதை விரலால் அசைத்துப் பாருங்கள், தெரியும். அந்த ஆட்டம் இருப்பதால்தான் 5 மி.மீ. இடைவெளியுள்ள 7 ஸ்பீடு பல்சக்கரத் தொகுதியை 8 ஸ்பீடு லீவரோடு பலர் நிம்மதியாக ஓட்டுகிறார்கள். கிளிக்குக்கு 0.2 மி.மீ. வேறுபாட்டை அது விழுங்கிவிடும், 0.6 மி.மீ. வேறுபாட்டை விழுங்காது.

ஏறி உட்கார்ந்ததே ஏமாற்றியது

“எல்லாம் ஷிமானோதானே, ஹப்பிலும் சரியாக ஏறியதே” என்று கேட்டிருக்கிறீர்கள். 8, 9, 10 ஸ்பீடு கேசட்டுகள் ஒரே ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஏறும் என்பது உண்மை. ஆனால் ஹப்பின் வரிப்பள்ளங்கள் ஒத்துப்போவதற்கும் கியர் மாறுவதற்கும் தொடர்பில்லை. இந்தக் குழப்பத்தில் விழுவது நீங்கள் மட்டும் இல்லை. ஒரே நிறுவனத்தின் பெட்டியில் “10 ஸ்பீடு” என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே மூன்று விதமான டெரெய்லர்கள் இருக்கலாம்: பழைய ரோடு வகையின் பெருக்கம் 1.7, 2015ல் வந்த டியாக்ரா 4700இன் பெருக்கம் 1.4, உங்களிடமுள்ள மலைச் சைக்கிள் வகையின் பெருக்கம் 1.2. எண்ணைப் பார்த்து வாங்கினால் மூன்றில் இரண்டு முறை தவறிவிடும். பாகத்தின் பின்புறம் பொறித்திருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு எண்ணத்தையும் மெல்லத் திருத்த விரும்புகிறேன். ஸ்பீடு கூடினால் ஏற்றம் எளிதாகும் என்று உங்கள் கடிதம் முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்பீடு கூடினால் படிகள் நெருக்கமாகும், அவ்வளவே. ஏற்றத்தை எளிதாக்குவது முன்சக்கரப் பற்களுக்கும் பின்சக்கரப் பற்களுக்கும் உள்ள விகிதம். உங்கள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 39-25ல் பெடல் ஒரு சுற்றுக்கு 3.28 மீட்டர் போகிறீர்கள். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு 41 சுற்று. ஒவ்வொரு மிதியிலும் முழு எடையும் முழங்காலில் இறங்கும் வேகம் அது. அதே வேகத்தை 39-32ல் போனால் 52 சுற்று. பலருக்கு முழங்கால் வலி குறைவது இந்த இடத்தில்தான். கியரை எளிதாக்கியும், சீட்டின் உயரத்தைச் சரிபார்த்தும் வலி நீங்காவிட்டால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அது சைக்கிள் பட்டறையில் தீரும் காரியமாக இராது.

உங்கள் முன் உள்ள வழிகள்

நான் பரிந்துரைப்பது 8 ஸ்பீடிலேயே இருப்பதைத்தான். பழைய சைக்கிளில் மாற்றுவதற்கு விலை மிகுந்த பாகம் லீவர். அது நன்றாக வேலை செய்யும்வரை அதை நடுவில் வைத்து மற்றவற்றை அதற்கேற்ப அமைப்பதே சிக்கனம். ஷிமானோ கிளாரிஸ் ஆர்2000இன் நீளக் கூண்டு (உருளைகளைத் தாங்கும் பகுதி நீண்ட) டெரெய்லர் உங்கள் லீவரின் இழுப்புக்குப் பொருந்தும். 34 பல் வரை தாங்கும். அதன் மொத்தக் கொள்ளளவு, அதாவது முன்னும் பின்னும் பெரிய, சிறிய சக்கரங்களுக்கிடையிலான பல் வேறுபாடுகளின் கூட்டுத்தொகையில் அது சமாளிக்கும் உச்சம், 41 பல். 52-39 முன்சக்கரத்தோடு 11-32 கேசட்டைப் போட்டால் தேவைப்படும் கொள்ளளவு, முன்னால் 13, பின்னால் 21, ஆக 34 தான். தாராளமாகப் போதும். உங்கள் பழைய டெரெய்லரையே வைத்துக்கொண்டு பெரிய கேசட்டை மட்டும் போடலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்து ரோடு டெரெய்லர்களுக்கு நிறுவனம் குறித்த எல்லை பெரும்பாலும் 27 பல், நடைமுறையில் 28ஐ ஏற்றுக்கொள்ளும். 32க்கு அது உதவாது. பழைய 8, 9 ஸ்பீடு மலைச் சைக்கிள் டெரெய்லர் ஏதேனும் நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் போடலாம். அவற்றின் பெருக்கமும் 1.7 தான்.

கேசட்டில் 11-34 வேண்டாமென்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் 8 ஸ்பீடு 11-34 கேசட்டுகள் சிலவற்றில் 26லிருந்து 34க்கு ஒரே தாவல். ஏற்றத்தில் அந்தத் தாவல் நிகழும்போது கால் திடீரென்று வெறுமையாகச் சுழன்று தாளம் கெடும். 11-32ல் 21, 24, 28, 32 என்று படிகள் சீராக ஏறும். அதில் சில மாதங்கள் ஓட்டிப் பாருங்கள். இன்னும் எளிதாக வேண்டுமென்றால் அடுத்த கட்டமாக 50-34 காம்பேக்ட் கிராங்க் (சிறிய முன்சக்கரங்கள் கொண்ட பெடல் தண்டுத் தொகுதி) போடலாம். 34-32 என்ற கியர், நீங்கள் ஆசைப்பட்ட 39-36 கியரைவிடச் சற்று எளிதானது. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு 60 சுற்று. கிராங்க் மாற்றும்போது முன் டெரெய்லரைச் சில மி.மீ. கீழே இறக்க வேண்டியிருக்கும். இப்போதுள்ள கிராங்கில் 34 பல் வளையத்தைத் தனியாகப் போட முடியாது, வளையத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளின் வட்டம் 130 மி.மீ. உள்ள கிராங்குகளில் 38க்குக் கீழே வளையம் ஏறாது.

9 ஸ்பீடுக்குப் போவது இரண்டாவது வழி. சோரா ஆர்3000 லீவர்களும் 9 ஸ்பீடு கேசட்டும் செயினும் வேண்டும்; கிளாரிஸ் டெரெய்லர் அதற்கும் ஒத்துழைக்கும். இன்று அதற்கு அவசியமில்லை. ஆனால் உங்கள் லீவர்களின் வயதை நினைத்துப் பாருங்கள். உட்புறம் பிரேக் லீவரின் அருகே கட்டைவிரலால் அழுத்தும் அந்தச் சிறு பொத்தான், குளிர்ந்த காலையில் இரண்டு மூன்று முறை அழுத்திய பிறகுதான் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே கிரீஸ் உலர்ந்து இறுகியிருப்பதன் அடையாளம் அது. மெல்லிய எண்ணெய்யைத் தெளித்துப் பலமுறை கிளிக் செய்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். வராவிட்டால் அப்போது 9 ஸ்பீடுக்குப் போகலாம். இப்போது வாங்கும் டெரெய்லர் அப்போதும் பயன்படும் என்பதும் என் பரிந்துரைக்கு ஒரு காரணம்.

கிளிக் இல்லாத உராய்வு லீவரைப் போட்டால் எந்தக் கேசட்டும் ஓடும் என்று நண்பர் சொன்னது பொதுவாகச் சரி. உங்கள் டியோரேயைப் பொறுத்தவரை ஒரு தடை உண்டு. பத்துப் பல்சக்கரங்களையும் கடக்க அதற்குச் சுமார் 30 மி.மீ. கேபிள் இழுபட வேண்டும். பழைய அமைப்புக்கு 20 மி.மீ. போதும். பழைய உராய்வு லீவர்கள் பல அவ்வளவு இழுப்பதில்லை.

11 ஸ்பீடைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோடு 11 ஸ்பீடு கேசட்டுக்கு ஹப்பின் உடல் 1.85 மி.மீ. கூடுதலாக வேண்டும், உங்கள் ஹப்பில் பெரும்பாலானவை ஏறா. 11-34 அளவில் வரும் சில கேசட்டுகள் ஏறும் என்றாலும் லீவர், டெரெய்லர், செயின் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். உங்கள் தேவைக்கு அது வீண் செலவு.

செயினும் ஹேங்கரும்

இங்கேதான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். 10 ஸ்பீடு செயினை 8 ஸ்பீடு அமைப்பில் தொடராதீர்கள். 8 ஸ்பீடு செயினின் உள்ளகலம் 2.38 மி.மீ.; 9 ஸ்பீடு முதல் அது 2.18 மி.மீ. ஆகச் சுருங்கிவிட்டது. வெளியகலம் 8 ஸ்பீடில் ஏறக்குறைய 7.1 மி.மீ., 10 ஸ்பீடில் 5.9 மி.மீ. ஒல்லியான செயின் உங்கள் இரு முன்சக்கரங்களுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளக்கூடும். புதிய 8 ஸ்பீடு செயின் விலை குறைந்தது, எளிதில் கிடைக்கும்.

அதை வெட்டும்போது பழைய செயினின் நீளத்தைப் பார்த்து வெட்டக் கூடாது. பழையது 25 பல்லுக்கு அளந்தது. டெரெய்லருக்குள் கோக்காமல், முன்னால் 52, பின்னால் 32 ஆகிய இரண்டு பெரிய சக்கரங்களையும் சுற்றிச் செயினை வளைத்து, இரு முனைகளும் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணிகளைக் கூடுதலாக விட்டு வெட்டச் சொல்லுங்கள். நீளம் குறைந்த செயினோடு களைப்பில் தவறிப் பெரிய-பெரிய கியரைப் போட்டுவிட்டால், டெரெய்லர் முன்னோக்கி இழுபட்டுப் பிய்ந்துவிடும். என் பட்டறைக்கு அப்படி முறிந்து வந்த ஹேங்கர் ஒன்றை இன்றும் மேசையில் வைத்திருக்கிறேன். செயின் வெட்டும் முன் வாடிக்கையாளர்களுக்கு அதைக் காட்டுவது வழக்கம்.

செயின் ஒருமுறை கம்பிக்குள் விழுந்திருப்பதால் இரண்டு இடங்களைச் சோதித்தே ஆக வேண்டும். கேசட்டுக்குப் பின்னால், ஹப்பிலிருந்து கிளம்பும் வலப்புறக் கம்பிகளை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுமளவுக்கு வெட்டு இருக்கும் கம்பி மலைப்பாதையில் அறுந்துபோகலாம், மாற்றிவிடுங்கள். அடுத்து ஹேங்கர். சைக்கிளின் நேர் பின்னால் நின்று பார்த்தால் டெரெய்லரின் இரு உருளைகளும் பல்சக்கரத்தோடு ஒரே கோட்டில் தொங்க வேண்டும். கீழ் உருளை கம்பிகளின் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அதற்கென்றே உள்ள அளவுகோலைச் சக்கர விளிம்போடு ஒப்பிட்டுத்தான் நிமிர்த்த வேண்டும். ஸ்பேனரால் குத்துமதிப்பாக நெம்ப விடாதீர்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா?

நான் வழக்கறிஞர் இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, தெரிந்ததைச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020ல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெற மறுக்க விற்பனையாளருக்கு இடமில்லை. “எல்லா ஷிமானோ சைக்கிளுக்கும் பொருந்தும்” என்ற வரி அந்தப் பக்கத்தில் இருந்தால், அதை இன்றே படம் எடுத்து வைத்துக்கொண்டு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அந்த வரி பக்கத்தில் இல்லாமல், பொதுப் பேச்சில் யாரோ சொன்னதாக இருந்தால் உங்கள் பக்கம் வலுவில்லை. வெட்டி ஓட்டிய செயினைத் திரும்பக் கேட்பதும் கடினம். கேசட்டுக்கு மட்டும் முயலுங்கள். டெரெய்லர் நண்பர் அன்பாகக் கொடுத்தது, அவரைக் குறை சொல்ல வேண்டாம். அது நல்ல பொருள்தான்; 10 ஸ்பீடு மலைச் சைக்கிள் லீவர் வைத்திருக்கும் யாருக்காவது அப்படியே பயன்படும்.

புதிய பாகங்களை மாட்டும்போது கியர் கேபிளையும் அதன் உறையையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய சோரா லீவருக்குள் கேபிளின் தலைப்பகுதி இழை இழையாகப் பிரிந்து சிக்கிக்கொள்வது அடிக்கடி நேர்வது. மேல் உருளைக்கும் 32 பல் சக்கரத்துக்கும் இடையே 5, 6 மி.மீ. இடைவெளி இருக்கும்படி, டெரெய்லரின் கோணத்தை மாற்றும் பின்திருகை வைத்து, ஸ்டாண்டில் எட்டு கியர்களையும் இருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். முதல் ஓட்டம் ஏற்காட்டுக்கு வேண்டாம். சமவெளியில் இரண்டு மூன்று நாள் ஓட்டினால் புதிய கேபிள் உறைக்குள் அமர்ந்து சற்றே தளரும், பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கும். டெரெய்லரின் பின்னாலுள்ள குமிழை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால் தயக்கம் போய்விடும். அது போன பிறகு அடிவாரத்துக்குப் புறப்படுங்கள், ஐயா. 32 பல் சக்கரத்தை முதல் வளைவுக்கு முன்பே போட்டுவிடுங்கள், கால் தளர்ந்த பிறகு போடலாம் என்று காத்திருக்க வேண்டாம்.